நடுவில் குழிந்தது

ஐப்பசி பிறந்து ஆறாம் நாள்
காற்று திசை மாற்றிக்கொண்டது.
மணலிப் பக்கத்து நெடி
கொஞ்சம் பின்வாங்க,
கடலின் ஈரம்
கொருக்குப்பேட்டை மூன்றாம் மாடிக்குள்
செருப்பைக் கழற்றாமல் நுழைந்தது.

எங்கள் பக்கத்தில் இலையுதிர்காலம்
ஒரே ஒரு மரத்துக்குத்தான் தெரியும்.
தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் வாதாம் மரம்.
அதற்கும் தேதி தெரியாது.
தோன்றும்போது சிவக்கும்,
தோன்றும்போது உதிர்க்கும்.
கூட்ஸ் வண்டி கடக்கும்போது மட்டும்
பெட்டிக்கு ஓர் இலை வீதம்
கணக்காகப் போட்டு அனுப்பும்,
அரக்கோணம் போகட்டும் என்று.

வாரம் ஆறு நாள்
துறைமுகத்து எடைமேடையில்
கன்டெய்னர் லாரிகளை டன் கணக்கில் நிறுப்பவள்
இன்று உட்கார்ந்து
கேழ்வரகு மாவை நிறுக்கிறேன்.
இருநூறு கிராம்.
ஒரு சிட்டிகை கூடிப்போனதற்கு
யாரும் ரசீது கேட்கவில்லை.

தோல் கறுத்த வாழைப்பழம் மூன்று.
தட்டி நுணுக்கிய பனைவெல்லம்.
கீழ்வீட்டு இலக்கியாவும் தௌபீக்கும்
செங்கல்லால் உடைத்துத் தந்த வாதாம்பருப்பு,
வாயில் போனது போக.
தகரத்துக்கு அடியில் விரிக்கக் காகிதம் இல்லை.
மரத்திடமே வாங்கினேன்
கழுவித் துடைத்த இரண்டு சிவப்பு இலைகளை.

தவணையில் வாங்கிய அடுப்பு இது.
வந்த அன்று
'வீட்டுக்கு அவன் வந்தாச்சும்மா' என்றேன் போனில்.
அம்மா நெடுநேரம் பேசவில்லை.
பிறகு மெதுவாகக் கேட்டாள்,
'எந்த ஊர்?'

நாற்பது நிமிடம் வைத்தேன்.
கால்வாய் மேல் ஒரு கொக்கு
மழைக்கு முன்னால் வீடு சேரும் அவசரமில்லாமல் பறந்தது.
துறைமுகத்துக் கிரேன்கள் ஒவ்வொன்றாக
மேகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டன.
முதல் தூறல் விழுந்த மண்வாசனையும்
வெல்லம் இளகும் வாசனையும்
மாடிப்படியில் சந்தித்துக்கொண்ட இடத்தில்
எதிர்வீட்டு ஷம்ஷாத்
நைட்டியோடு வந்து நின்றாள்.
'என்னது, இன்னும் எவ்ளோ நேரம்?'

ஒன்பது நிமிடம் இருந்தது.
டமார் என்றது டிரான்ஸ்பார்மர்.
தெருவே ஒரு மூச்சு இருண்டது.

'தொறக்காதே' என்றாள் ஷம்ஷாத்,
'சூடு உள்ளதான் இருக்கு, அதுவே வேகும்.'
சரி என்றேன்.
அரை மணி நேரத்துக்குள்
நாலு தடவை திறந்தேன்.
பார்க்காமல் இருக்கத் தெரியாத கை என்னுடையது.
லாரி மேடையேறி நிற்கும் முன்பே
முள்ளைப் பார்க்கிற கை.

நடுவில் குழிந்துவிட்டது.
ஓரமெல்லாம் நன்றாக எழும்பி
மையம் மட்டும்
எங்கள் தெருவைப் போல
தண்ணீர் நிற்கத் தயாராக.

அப்படியே தகரத்தோடு கீழே போனோம்.
படிக்கட்டின் அடியில்
மழைக்கு ஒதுங்கியவர்கள் ஏழெட்டுப் பேர்.
கம்பத்திலிருந்து அப்போதுதான் இறங்கிய
லைன்மேன் ஏசுபாதம்
கையுறையைக் கழற்றி அக்குளில் செருகிக்கொண்டார்.
எட்டிப் பார்த்தார்.
'இன்னாம்மா, நடுவுல குந்திகிச்சு?'
'நீங்க கரண்ட்டை நிறுத்தினீங்க.'
'நான் எங்கம்மா நிறுத்துனேன், அது வெடிச்சுகிச்சு.'

கத்தி எடுத்துவர மறந்திருந்தேன்.
அவரே சட்டைப்பையிலிருந்து
ஒயர் சீவும் கத்தியை எடுத்து
மழையில் நீட்டிக் கழுவித் தந்தார்.
முதல் துண்டு அவருக்கு.
அடியில் ஒட்டியிருந்த இலையை
அவர் உரித்த விதம்,
தூங்கும் குழந்தையின் சாக்ஸைக் கழற்றுவது போல.
இலையின் நரம்பெல்லாம்
கேக்கின் அடியில் பதிந்திருந்தது.

'சூடாக்கீது' என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.
இரண்டாம் துண்டுக்குக் கை நீண்டது.
இலக்கியா குழிந்த நடுவைத்தான் கேட்டாள்.
அங்கேதான் வெல்லம் தேங்கியிருந்ததாம்.
எப்படித் தெரிந்ததோ அவளுக்கு.

மழை வலுத்தது.
வாதாம் மரம் தன் பங்குக்கு
இன்னும் நாலு இலையைப் போட்டது.
யாரோ டீ வாங்க ஓடினார்கள்.

சட்டென்று தெரு வெளிச்சமானது.
மேலே, யாருமில்லாத வீட்டில்,
வேலை முடியவில்லையென்று
பீப் பீப் என்று கூப்பிட்டான் அவன்.

கூப்பிடட்டும்.